யார் கதையைச் சொல்வது? சிறுவர் வரலாற்று நூல்களும் புதுச்சேரியும்

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வரலாற்றை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? பெரியவர்களின் வாழ்க்கைக் கதையிலிருந்தா, நாடு உருவான கதையிலிருந்தா, தெருக்கோடியில் நிற்கும் பழைய கட்டடத்திலிருந்தா, ஒரு பழைய ஏட்டைக் கையில் கொடுத்து அதிலிருந்தா? பள்ளிக்கூடம் எல்லோருக்கும் உரியதென்று ஆன காலம் தொட்டே இதற்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. விடை சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் காலத்தின் தேவை ஒன்று இருந்திருக்கிறது.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடச் சற்றுச் சிக்கலானது. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றிய இந்த ஊரை 1693இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதன் பிறகும் பலமுறை கைமாறி, 1816இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் நிலையாக வந்தது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. பாடநூல்களோ வெளியிலிருந்து வந்தவை. புதுச்சேரியும் காரைக்காலும் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. அண்மைக் காலத்தில் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. 1826இல் தோன்றிய பிரெஞ்சு லிசே, பிரான்சின் பாடத்தையே நடத்துகிறது. ஆக, இவ்வூர்ப் பிள்ளை தன் ஊரைப் பற்றிப் பாடநூலில் படிப்பது, பெரும்பாலும் இன்னொருவர் எழுதிய வரலாற்றில் வந்துபோகும் ஒரு பத்தியாகத்தான் இருக்கிறது. மீதியைப் பாடநூலுக்கு வெளியே உள்ள நூல்கள்தான் நிரப்பியாக வேண்டும். அவை எப்படி இருக்கலாம் என்பது பற்றிய முக்கியக் கருத்துகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்மாதிரி வாழ்க்கை

மிகப் பழைய விடை, பெரியோர் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்பது. கிரேக்க, ரோமானியப் பெருமக்களின் வாழ்க்கைகளை இணை இணையாக எழுதிய புளூட்டார்க் இதற்கு மூலவர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ், உழைத்து முன்னேறியவர்களின் கதைகளை இளைஞருக்கான அறநூலாக ஆக்கினார். தமிழில் இந்த மரபுக்குப் புதுச்சேரியோடு நேரடித் தொடர்பு உண்டு. 1910இல் இங்கு வந்து பத்தாண்டுகள் தங்கிய வ.வே.சு. ஐயர், கரிபால்டி, நெப்போலியன், புக்கர் வாஷிங்டன் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளைத் தமிழில் எழுதியவர். அவர் தேர்ந்தெடுத்த பெயர்களைப் பார்த்தாலே நோக்கம் விளங்கும். படிக்கும் இளைஞன் நாட்டுக்காக எழ வேண்டும். அதற்கு இத்தாலியும் வேண்டும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுச்சியும் வேண்டும்.

விடுதலைக்குப் பின் நோக்கம் மாறியது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய அழ. வள்ளியப்பாவின் தலைமுறைக்குப் புரட்சி தேவைப்படவில்லை, நல்ல குடிமக்கள் தேவைப்பட்டார்கள். தலைவர்களின் இளமைக்காலம் தனி இலக்கிய வகையாக வளர்ந்தது அப்போதுதான். பின்னர் நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலயமும், 2000களில் கிழக்கு பதிப்பகத்தாரின் புராடிஜி வரிசையும் இதே பாதையில் வந்தன. நடை மாறினாலும் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை: பிறப்பு, வறுமை, உறுதி, சாதனை, மறைவு.

இதன் பலவீனம் பாரதியை எடுத்துக்கொண்டால் நன்கு தெரியும். 1908 முதல் 1918 வரை அவர் வாழ்ந்த ஊர் இது. சிறுவருக்கான பல சுருக்கங்களில் அந்தப் பத்தாண்டுகள், சமைக்க வைத்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையாகச் சுருங்கிவிடுகின்றன. அடுத்த பக்கத்தில் திருவல்லிக்கேணி யானை வருகிறது, அதோடு அவர் வாழ்வும் முடிகிறது. உண்மையில் யானை தள்ளிய பிறகு அவர் தேறி எழுந்தார். 1921 ஜூலை இறுதியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ச் சொற்பொழிவு ஆற்றினார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். யானை கொன்றது என்பது கதைக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். குருவிக் கதையிலும் அரிசி தீர்ந்த வீட்டில் நின்ற செல்லம்மாவின் பக்கம் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இத்தனைக்கும் இந்தக் காலத்துக்கு நேர்ச் சாட்சிகள் குறைவில்லை. செல்லம்மா பாரதியின் நூல் 1941இல் வந்தது. புதுச்சேரியில் பாரதியோடு இருந்த வ.ரா. அவர் வாழ்க்கையை எழுதினார். பாரதியின் நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள், சிறுமியாக இருந்தபோது கண்டதையும் கேட்டதையும் பின்னாளில் எழுதி வைத்தார். மற்ற எல்லாவற்றையும்விட யதுகிரியின் நூல்தான் இளம் வாசகருக்கு நெருக்கமானது என்று சொல்லத் தோன்றுகிறது. அது குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனால் அதில் பாரதியைப் பார்க்கும் கண் ஒரு குழந்தையின் கண். கடன்காரரும் ஒற்றர்களும் பாட்டும் சண்டையும் கொண்ட ஒரு வீட்டை, அண்டை வீட்டுப் பிள்ளை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்க்கிறது அது. முன்மாதிரி வேண்டும் என்பவர்கள் இத்தகைய மூலங்களைத் தேடிப் போவது அரிது.

இரு நாடுகளின் பாடம்

இரண்டாவது விடை, தனிமனிதரை விட்டு நாட்டின் கதையைத் தொடர்ச்சியாகச் சொல்வது. மூன்றாம் குடியரசுக் காலப் பிரான்சில் எர்னெஸ்ட் லவிஸ் எழுதிய தொடக்கப்பள்ளி வரலாற்று நூல்கள் இதன் உச்சம். தாய்நாட்டை நேசிக்கவைப்பதே வரலாற்றுப் பாடத்தின் வேலை என்பதில் அவருக்குத் தயக்கம் இல்லை. இங்கே நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்கள் இதைவிட விரிந்த மனம் கொண்டவை. ஒரு நாட்டோடு நில்லாமல் உலக வரலாறு முழுவதையும் தொட்டவை. ஆனால் நம் பாடநூல் எழுதியவர்கள் நேருவிடம் எடுத்துக்கொண்டதைவிட, பெயர் சொல்லாமல் லவிஸிடம் எடுத்துக்கொண்டது கூடுதல் என்றே படுகிறது.

புதுச்சேரியில் இரண்டு தேசியக் கதைகள் முட்டிக்கொள்கின்றன. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் ஒரு கதையில், தாய்நாடே கைவிட்ட மாவீரர். இன்னொன்றில் கர்நாடகப் போர்களில் தோற்ற கட்சியின் தலைவர். இரண்டிலும் கோட்டைச் சுவருக்கு வெளியே நெசவு செய்தவர்கள் இல்லை, மொரீஷியஸுக்கும் ரெயூனியனுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் இல்லை.

விடுதலையைச் சொல்லும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. எட்டுப் பேர் ஏன் எதிர்த்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்பது இயல்பு. தேசியக் கதையிடம் அதற்கு விடை இல்லை, துரோகம் என்ற ஒன்றைத் தவிர. பிரெஞ்சுக் குடியுரிமையையும் ஓய்வூதியத்தையும் இந்தோசீனாவில் பணியாற்றிய 'சொல்தா' எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களையும் பேசாமல் அந்த எட்டை விளக்க முடியாது.

எதுவார் குபேர் இன்னும் சிக்கலானவர். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவராக நெடுங்காலம் பிரெஞ்சு நிர்வாகத்தின் பக்கம் நின்றார். 1954 மார்ச்சில் இணைப்புக்கு ஆதரவாகத் திரும்பினார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்ததில் அவர் பங்கு முக்கியமானது. 1963இல் முதலமைச்சரானார். கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயரே இருக்கிறது. அவரைத் தியாகியாக எழுதினால் முன்பகுதியை மறைக்க வேண்டும், சந்தர்ப்பவாதியாக எழுதினால் பின்பகுதியை. எதிர்முனையில் வ. சுப்பையா. 1934இல் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கிய பொதுவுடைமைத் தலைவர் அவர். 1936 ஜூலை 30இல் சவானா ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று மேடைதோறும் சொல்லப்படும் சட்டம் இது. சோவியத் நாட்டின் ஆசியப் பகுதிகள் அந்தக் கணக்கில் வருமா என்று ஒரு சிறுமி கேட்டுவிட்டால் வகுப்பில் நல்ல விவாதம் நடக்கும். வரியை மனப்பாடம் செய்யவைப்பதைவிட அது பயனுள்ளது.

கதையாகச் சொல்வோர்

மூன்றாவது தரப்புக்கு வால்டர் ஸ்காட் முதல் கல்கி வரை பெரிய பரம்பரை உண்டு. கனடியக் கல்வியாளர் கீரன் ஈகன் 1980களில் இதற்குக் கொள்கை வடிவம் கொடுத்தார். பிள்ளைகள் உலகைக் கதை வடிவிலேயே உள்வாங்குகிறார்கள், அதை ஒரு குறைபாடாகப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை இந்தியாவில் இதை நடைமுறையில் காட்டியது. புராணத்தையும் வரலாற்றையும் ஒரே தூரிகையால் வரைந்தது அதன் பெரிய குறை. படிக்கும் பிள்ளைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை. புதுச்சேரியைப் பொறுத்தவரை பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்கள் 18ஆம் நூற்றாண்டு ஊரை உயிர்ப்பித்துவிட்டன. அவை வளர்ந்தோருக்கானவை. ஆனாலும் மேல்நிலை வகுப்பு மாணவர் படித்துவிடுகிறார், படிக்கட்டும்.

ஊரிலிருந்து தொடங்குவது

அருகிலிருப்பதில் தொடங்கித் தொலைவுக்குப் போ என்பது நான்காவது விடை. ஜெர்மானியப் பள்ளிகளின் ஊரறிவுப் பாடத்திலும் காந்தியின் ஆதாரக் கல்வியிலும் இதன் வேர்களைக் காணலாம். கட்டடங்களும் தெருப்பெயர்களும் நிறைந்த புதுச்சேரிக்கு இது பொருத்தமாகத் தோன்றும். சுற்றுலாக் கையேடுகள் இதைத்தான் செய்கின்றன. சிறுவர் நூல் எழுதுவோர் அவற்றையே அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இங்குதான் இருக்கிறது.

ஆயி மண்டபம் இதற்குச் சரியான சோதனை. விஜயநகர மன்னர் ஒருவர் விளக்கொளி வீசிய மாளிகையைக் கோயிலென்று எண்ணிக் கும்பிட்டார், அது தேவதாசி ஆயியின் வீடென்று அறிந்ததும் இடிக்கச் சொன்னார், அவளோ அந்த இடத்தில் தானே குளம் வெட்டித் தர அனுமதி கேட்டாள் என்பது வழங்கும் கதை. மூன்று நூற்றாண்டு கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. பொறியாளர் லமெரெஸ்ஸின் பணி அது. அதன் நினைவாக மண்டபம் எழுந்தது. இன்று அரசுச் சின்னத்தில் இருப்பதும் அதுவே. கதையையும் குழாய்ப் பணியையும் ஒரே மூச்சில் வரலாறாகச் சொல்லிவிடுகிறார்கள். வாய்மொழிக் கதையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நாட்டார் கதைகளைத் திரட்டிய கி. ராஜநாராயணன் வாழ்ந்து மறைந்த ஊர் இது. ஆனால் இது கதை, இது கணக்கேடு என்று பிரித்துச் சொல்லும் மரியாதையைப் பிள்ளைகளுக்கும் தர வேண்டும். ஊர் வரலாற்றின் இன்னொரு குறை, பெருமைக்குள் முடங்கிவிடுவது. வெள்ளைப் பட்டணத்துச் சுவர்களின் மஞ்சளை ரசிப்பதோடு நின்றுவிட்டால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்புப் பட்டணம் என்று ஒன்று ஏன் இருந்தது என்ற கேள்வியே எழாது.

சான்றைக் கையில் கொடுப்பது

கடைசி விடை வயதில் இளையது. 1960களின் இறுதியில் ஆங்கிலேய ஆய்வாளர் ராய் ஹாலம், பியாஜேயின் வளர்ச்சி நிலைக் கோட்பாட்டை வைத்து, வரலாற்றுச் சிந்தனை பதினாறு வயது வாக்கில்தான் முதிர்கிறது என்று வாதிட்டார். 1972இல் இங்கிலாந்தில் தொடங்கிய பள்ளி வரலாற்றுத் திட்டம் அதைக் கேள்விக்குள்ளாக்கியது. மூல ஆவணங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்கவைத்தால் சிறியவர்களும் சான்றை எடைபோடுகிறார்கள் என்று டெனிஸ் ஷெமில்ட், பீட்டர் லீ போன்றோர் காட்டினர். அமெரிக்காவின் சாம் வைன்பர்க் ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார். சான்றை எடைபோடுவது இயல்பாக வரும் பழக்கமல்ல, சொல்லித்தான் தர வேண்டும் என்றார் அவர். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ஏகலவ்யா அமைப்பு 1980களிலிருந்து இந்தத் திசையில் பாடநூல்களை உருவாக்கியது. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்குப் பின் வந்த என்.சி.இ.ஆர்.டி. நூல்களிலும் அதன் சாயல் உண்டு.

இம்முறைக்குப் புதுச்சேரியைப் போல் வளமான ஊர் தமிழ் நிலத்தில் குறைவு. அரிக்கமேட்டையே பார்க்கலாம். 1930களில் உள்ளூர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் கண்டு ஆர்வம் கொண்ட பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயின் வழியாக அந்த இடம் ஆய்வாளர் கண்ணில் பட்டது. 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தார். ரோம் வணிகம் என்ற பெரிய தலைப்பைவிட, சேற்றில் மணி பொறுக்கிய பிள்ளைகளிலிருந்து தொடங்கினால் அதே செய்தி எளிதாக இறங்கும்.

வானியலாளர் லெ ழாந்தீயின் கதை இன்னும் சுவையானது. 1761இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கப் புறப்பட்டார். கப்பல் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் நடுக்கடலில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. ஆடும் கப்பலில் எடுத்த அளவு எதற்கும் உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டாண்டு காத்திருந்தார். இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேல் கண்காணிப்பகம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. நாடு திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி உறவினர் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரே மனிதரின் கதையில் போர், அறிவியல், இடிந்த நகரம் மூன்றும் வந்துவிடுகின்றன. முன்மாதிரி வாழ்க்கை என்று பார்த்தால் இவர் தோற்றவர். இளம் வாசகர் மறக்காமல் வைத்துக்கொள்வது இவரைப் போன்றவரையாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய கால் நூற்றாண்டு எழுதப்பட்டது. எழுதியவர் துய்ப்ளெக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். ஊர் வீழ்ந்த 1761 ஜனவரியிலேயே அவரும் இறந்தார். 1846இல் அதை வெளிக்கொணர்ந்தவர் கல்லுவா மோன்பிரன். 1904க்கும் 1928க்கும் இடையில் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்தது. தமிழில் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த 12 தொகுதிகள் 2019இல் வந்தன. கப்பல் வரவு, பீரங்கி மரியாதை, சோதிடர் சொன்ன நேரம், கவர்னர் மனைவியைப் பற்றிய முணுமுணுப்பு என்று எல்லாம் அதில் நாள்வாரியாகக் கிடக்கின்றன. அவர் வீடு இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில், மார்க்கெட்டை ஒட்டி நிற்கிறது. கீழே மரத்தூண்கள், மேலே சுண்ணாம்புத் தூண்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி ஒரு நாளின் குறிப்பைப் படித்துக் காட்டினால், பிரெஞ்சுக்காரருக்கும் ஊராருக்கும் நடுவே நின்ற மனிதரின் நிலையைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

சிக்கல் எந்த நாளின் குறிப்பு என்பதில் இருக்கிறது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பா கோவில் என்னும் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரில் உயர்ந்த பதவியிலிருந்த தமிழரான பிள்ளை அதைத் தடுக்க முடியாமல், கோபமும் கையறுநிலையுமாக எழுதுகிறார். அந்தப் பக்கங்களை மதப் பகைக்கான சான்றாக வாசிக்கலாம். போர்க்கால அதிகாரத்தின் கதையாகவும், தரகரின் எல்லை எதுவென்று காட்டும் இடமாகவும் வாசிக்கலாம். பதினான்கு வயது மாணவர் முதலாவதைத்தான் உடனே எடுத்துக்கொள்வார் என்ற அச்சம் முற்றிலும் பொய்யல்ல. மறைத்துவிட்டால் அதே செய்தி வேறு கையிலிருந்து, வேறு நோக்கத்தோடு அவரிடம் வரும் என்பதும் பொய்யல்ல. சான்று முறையின் அடிப்படைக் குறை வேறொன்று. எழுதி வைத்தவர்களின் குரல்தான் அதில் கேட்கும். துபாஷி எழுதினார், அவர் வீட்டில் தண்ணீர் சுமந்தவர் எழுதவில்லை.

எஞ்சி நிற்பவை

இந்த ஐந்து தரப்புகளும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற எண்ணம் விவாதங்களில் நிலவுகிறது. புதுச்சேரிச் செய்திகளை வைத்துப் பார்க்கும்போது வாழ்க்கை வரலாறும் சான்று முறையும் அவ்வளவு தொலைவில் இல்லை. சிக்கல் வாழ்க்கைக் கதையில் இல்லை, எந்த வாழ்க்கையைத் தேர்கிறோம் என்பதில்தான் என்று கருத இடமிருக்கிறது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலில் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்தார். நீதிபதி அனுமதிக்க மறுத்தார். வழக்கு பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் வென்றார். 1881இல் இந்தியர் தம் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்ற ஆணை வந்தபோது அந்த வழியை ஏற்று லாப்போர்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். சண்முக வேலாயுத முதலியார் அணியினர் அதைக் கடுமையாக எதிர்த்து, நெடுங்காலம் ஊர் அரசியலை ஆண்டார்கள். ஒரு சோடிக் காலணியிலிருந்து குடியுரிமை, சாதி, வாக்குரிமை மூன்றையும் பேசிவிடலாம். யார் வென்றார், வென்றது சரிதானா என்பதைப் பிள்ளைகளே வாதாடட்டும். குபேருக்கும் இதே முறை பொருந்தலாம்.

ஆவணமே இல்லாதவர்களின் வாழ்க்கையை எப்படி எழுதுவது என்பதற்கு மட்டும் தெளிவான விடை இல்லை. சவானா ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணையோ, 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய ஒரு சிறுவனையோ கற்பனையாகப் படைத்து, அவர்களைச் சுற்றி உண்மைச் செய்திகளை அடுக்குவது பிற நாட்டுச் சிறுவர் இலக்கியத்தில் பழகிய உத்தி. இது கற்பனைப் பாத்திரம் என்று அட்டையிலேயே சொல்ல வேண்டும் என்பாரும், சொன்னால் ஈடுபாடு குறையும் என்பாரும் உண்டு. முதல் கருத்தே நேர்மையானது. அப்படி எழுதிய நூலை இவ்வூர்ப் பிள்ளைகள் எப்படி எதிர்கொள்வார்கள் என்பது எழுதிப் பார்த்த பின்னரே தெரியும்.

மொழியும் தீராத ஒன்று. ஆவணங்களில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருக்கிறது. வாசகர்களோ தமிழிலும், மாஹேயில் மலையாளத்திலும், ஏனாமில் தெலுங்கிலும் இருக்கிறார்கள். நான்கு பகுதிகளுக்கும் ஒரே வரலாறு எழுதுவதா, ஊருக்கொன்றாகவா என்பதை நிர்வாக எல்லையை மட்டும் வைத்து முடிவுசெய்துவிட முடியாது. சுப்பையாவின் நினைவுக்குறிப்புகளும் பிள்ளையின் நாட்குறிப்பும் பெருநூல்களாக இருக்கின்றன. தொடக்க வகுப்புக்கான சிறு நூல்களும் இருக்கின்றன. இடைப்பட்ட வயதுக்கு, நாட்குறிப்பிலிருந்து ஐம்பது நாட்களைத் தெரிந்தெடுத்து விளக்கத்தோடு தரும் ஒரு தொகுப்பு, மேற்சொன்ன வாதங்களில் பலவற்றைச் சோதித்துப் பார்க்க உதவும். அதில் 1748 செப்டம்பரின் பக்கங்கள் இடம்பெறுமா, இடம்பெற்றால் எந்த வயதுக்கு என்று குறிப்பது, பக்கத்தில் என்ன விளக்கம் சேர்ப்பது என்பவற்றைப் பதிப்பாசிரியர் ஒருவரின் முடிவுக்கு விட்டுவிடாமல், பாடம் நடத்தும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.